நாற்பத்து மூன்று மில்லிமீட்டர்

மாயழகுவின் நெஞ்சைத் திறப்பதற்கு முன்
உணவுக்குழாய் வழியே எக்கோ குழலை இறக்கி
அவர் இதயத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரப்பாளையம் – உசிலம்பட்டி தடத்தில்
இருபத்திரண்டு வருடக் கண்டக்டர்.
பன்னிரண்டு வயதில் முட்டி வீங்க வந்த காய்ச்சல்
முட்டியைக் காலி செய்துவிட்டு
மைட்ரலில் குடியேறியிருக்கிறது.
அனுப்பும் ரத்தத்தில் பாதி
ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வருகிறது,
செல்லாத நோட்டைப் போல.

அதை மாற்றத்தான் இன்று.
அதில் யாருக்கும் தகராறில்லை.
தகராறு வலப்பக்கம்,
மூன்று இதழ் வால்வில்.

திரையில் இப்போது
ஒரு நூல் அளவுதான் கசிவு. ஒரு நூல் சிவப்பு.
"பாத்தீங்களா?" என்கிறார் ஜெபமணி சார்,
கழுவிய கைகளை உயரத் தூக்கிப் பிடித்தபடி.
"முன்வாசல் அடைப்பு விட்டுச்சுன்னா
பின்வாசல் நெரிசல் தன்னால குறையும்.
இடதைச் சரி பண்ணுவோம். வலது அடங்கிரும்."

அப்படி அடங்கிய இதயங்களை
நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மயக்கம் கொடுத்தவள் நான்.
என் மருந்தில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து
அழுத்தம் இறங்கி
விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளையாய்
அந்த வால்வு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.
முந்தாநாள் வார்டில்
அவர் கழுத்து நரம்பு காதுமடல் வரை
எழும்பி எழும்பி விழுந்தது.
அது சாட்சி.
இது நான் தூங்கவைத்த சாட்சி.

செருப்பு வாரை அறுத்து
நூல் வைத்துத் தளர்த்திக் கட்டியிருந்தார்.
"செக்கானூரணி தாண்டுனா
காலு செருப்புக்குள்ள நிக்காது மேடம்."
பஞ்சவர்ணம் தன் கட்டைவிரலால்
அவர் காலை அழுத்திக் காட்டினாள்.
குழி நிரம்ப ஒரு நிமிடம் பிடித்தது.
அதுவரை மூன்று பேரும்
குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கசிவை விடுங்க சார், வாயை அளக்குறேன்."
நாற்பத்து மூன்று மில்லிமீட்டர்.
தூக்கத்தில் கதவு சத்தம் போடாமலிருக்கலாம்,
அகண்டுபோன நிலை சுருங்காது.

பிறகு, சொல்ல விரும்பாத பெயரைச் சொன்னேன்.
கருமாத்தூர் செல்லத்தாயி.
இதே மேசை. இதே வாக்கியம்.
ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தாள்,
வயிறு முழுக்க நீரும் மஞ்சள் பாய்ந்த கண்ணுமாக.
இன்னொரு முறை திறக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.
நாங்கள் வைத்த மைட்ரல் மட்டும்
கடைசி இரவு வரைக்கும்
டக் டக்கென்று
ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தது.

சார் திரையைப் பார்க்கவில்லை.
கூரை விளக்கைப் பார்த்தார்.
"முப்பதாம் நம்பர் வளையம் இருக்கா?"

இருந்தது. ஒன்றே ஒன்று.
தேனிக்காரர் ஒருவருக்கு வாங்கி
அவர் வராமலே போனது.
"காப்பீட்டுல ஒரு வால்வுக்குத்தான சார் அனுமதி?"
"அத நாளைக்குப் பேசிக்கலாம் ரெஜினா."

இடது முடிந்தது.
கவ்வியை எடுத்து, துடிக்கிற இதயத்திலேயே
வலது அறைக்குள் ஊசி போகிறது.
அந்த வளையம் முழு வட்டமில்லை,
ஓரிடத்தில் வாய் திறந்திருக்கும்.
துடிப்பின் கம்பி ஓடுகிற இடம் அது,
அங்கே தைக்கக் கூடாது.
உப்புநீர் பாய்ச்சினார்.
மூன்று இதழும் கூடி நின்றன. ஒரு சொட்டு இல்லை.

ஜமீல் பம்பை மெல்ல இறக்கினான்.
முப்பத்தெட்டு.
மேலறை ஒன்று சொல்ல
கீழறை கேட்காமல் தன்பாட்டுக்குத் துடித்தது.
ஒரு மயிரிழை தள்ளி விழுந்த தையலா, வீக்கமா,
யாருக்குத் தெரியும்.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை,
அதுதான் பார்த்தது போலிருந்தது.
பேஸிங் வயரை மாட்டினோம்.
இரண்டு இரவு, தலைமாட்டில் அந்தப் பெட்டி
அவருக்குப் பதிலாக எண்ணியது.
வீட்டில் நானும் எண்ணினேன்.

மூன்றாம் நாள் விடியலில்
பெட்டி சும்மா இருந்தது.
எழுபத்தாறு, சொந்தக் கணக்கு.

பதினோராம் நாள் லிஃப்ட் பழுது.
படியில் இறங்கும்போது எதிரே வந்தேன்.
மாஸ்க் இல்லாத முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
நான் முகத்தைப் பார்க்கவில்லை.
இரண்டு கணுக்கால் எலும்பும்
வெளியே துருத்திக்கொண்டிருந்தன.
நூல் கட்டிய செருப்பு அளவு பெரிதாகி
மூன்றாம் படியில் கழன்று உருண்டது.
பஞ்சவர்ணம் திட்டிக்கொண்டே
கீழே போய் எடுத்து வந்தாள்.