தெளிவில்லை

ம்ம்ம்ம் என்றிருந்தது.
கொசு இல்லை. மோட்டார் இல்லை.
எதையோ சொல்ல வந்த ஒருவர்
வாயைத் திறக்காமலே
அறைக்குள் நின்றுகொண்டிருப்பது மாதிரி.

அயனாவரம், மூன்றாம் மாடி, இரவு பதினொன்று.
விபத்து வழக்குகளில் பதிவான வாக்குமூலங்களைக்
கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள் நான்.
நிமிடத்துக்கு ஏழு ரூபாய்.
வலக்காதில் சீழ் வைத்த பிறகு
ஹெட்போன் பக்கமே போகாதே என்றுவிட்டார் டாக்டர்.
ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி
எண்ணூற்றைம்பதுக்கு முடித்த ஸ்பீக்கர் ஜோடி,
பச்சை விளக்கு எரிந்த நொடியிலிருந்து
ம்ம்ம்ம்.

வால்யூமைக் குறைத்தேன்.
சாட்சி குறைந்தார், அது குறையவில்லை.
ஃபேனை நிறுத்தினேன். வேர்த்தது, அவ்வளவுதான்.
ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன்,
மறுபடி சொருக மறந்து காலையில் பால் திரிந்தது.
பட்டன் ஃபோனை ஜன்னலோரம் தள்ளி வைத்ததில்
டிட்டிட் டிட்டிட் என்ற இன்னொன்று ஒழிந்தது.
அதுவரை எனக்கு அழைப்பு வருவது
ஃபோனுக்கும் முன்னால்
ஸ்பீக்கருக்குத்தான் தெரிந்திருந்தது.

கடைக்காரர் எடுத்துப் போட்டுக் காட்டினார்:
"நம்ம கடையில அடிக்கல பாருங்க."
அடிக்கவில்லைதான்.
அந்தத் தெருவே அடித்துக்கொண்டிருக்கும்போது
இது எங்கே கேட்கும்.

ஒருநாள் தற்செயலாக
லேப்டாப் சார்ஜரின் பிளக் நழுவியது.
சத்தம் சட்டென்று செத்தது.
என் பேட்டரிக்கு ஆயுள் இருபது நிமிடம்.
இருபது நிமிடம் சாட்சிகள் சுத்தமாகப் பேசினார்கள்,
பிறகு திரை கறுத்தது.

இன்னொரு நாள்
ஜாக்கின் உலோகக் கழுத்தில் விரல் பட,
பாதி அடங்கியது. எடுத்தால் எழுந்தது.
அன்று முதல்
இடக்கையால் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு
வலக்கையால் மட்டும் அடித்தேன்,
தூளி ஆட்டுகிறவள் போல. கால் மரத்தது.
லேப்டாப் மூடியில் மணிக்கட்டு உரசினால்
எறும்பு ஊறுவதுபோல் சுர்ரென்றது.
வேகம் பாதி, பணமும் பாதி.

டில்லிபாபு சுவிட்ச் போர்டைக் கழற்றினார்.
உள்ளே பச்சை ஒயர்
வெட்டிச் சுருட்டி, டேப் சுற்றி,
கரப்பான் முட்டைகளோடு படுத்திருந்தது.
"எர்த்தே குடுக்கல மேடம், கட்னவன்.
கை வெச்சா அடங்குதுன்னீங்களே,
அப்ப இத்தினி நாளா நீங்கதான் எர்த்து."
சிரித்தார். பிறகு சிரிக்காமல்,
"இனிமே அந்த வேலை வெச்சுக்காதீங்க."
ஒயரை முடுக்கினார்.
எதிரெதிர்ச் சுவரில் இருந்த இரண்டு பிளக்கையும்
ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தார்.
"ரெண்டு பேரும் ரெண்டு குழாயில தண்ணி புடிச்சா
சண்டதான் வரும்."
முந்நூறு வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு போட்டேன்.
ஒன்றுமே இல்லை.
அவ்வளவு ஒன்றுமில்லாததற்கு நான் தயாராக இல்லை.
நீதிமன்ற ஃபேனின் கிறீச்,
யாரோ தாள் புரட்டுவது,
வக்கீலின் செருப்பு,
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
ஒரு பெண் மூச்சை இழுப்பது.

மார்ச்சில் அனுப்பி முடித்த கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
முப்பத்தொன்று. லாரி கிளீனர், பெயர் கன்னியப்பன்.
லாரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?
இதற்குப் பதிலாக நான் அடித்திருந்தேன்:
தெளிவில்லை.

தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.
"கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

பிறகு ஒரு இருமல்.
பிறகு அதே கேள்வி, இன்னும் உரக்க.
டம்ளர் வைக்கும் சத்தம் எங்கும் இல்லை,
மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.

திருத்தி அனுப்பினேன்.
வழக்குக்குத் தொடர்பில்லாத வரி,
இதற்குப் பணம் தர முடியாது என்று
அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.
சரி.

அடுத்த கோப்பு ஓடுகிறது.
பழக்கத்தில் இடக்கை எழுந்து
ஜாக்கைத் தேடிப் போகிறது.
வெறும் உலோகம்,
கொஞ்சம் குளிர்ச்சி.