பதினொன்று புள்ளி மூன்று

பொத்துவில் கல்யாண வீட்டில்
சோற்றுச் சட்டி கழுவி முடிய பத்தரை மணி. மழை.
இம்தாத் கமராப் பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கினான்.
என் பழைய சன்னி மூன்றாம் திருகலில்தான் எழும்பியது.
லைற்றர் துளையில் செருகியிருந்த மலிவு மீற்றர்
சிவப்பில் காட்டியது: 12.2
பதினாலைத் தொட்டிருக்க வேண்டும்.
எஞ்சின் ஓடுகிறது, ஒல்டனேற்றர் சுற்றுகிறது,
கைக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை,
இம்தாத்தின் முதலாளி சம்பளம் தருவதுபோல.

கோமாரிக்கு முன்னமே பன்னிரண்டுக்குக் கீழ்.
ஹெட்லைற் அள்ளியது போக,
வைப்பர் அள்ளியது போக,
கண்ணாடிப் புகாரை ஊதும் விசிறியும்
இம்தாத்தின் பாட்டும் எடுத்தது போக
கொயிலுக்கு அடிச்சட்டி.
கொயில் வித்தைக்காரன்தான்,
பன்னிரண்டை வாங்கி இருபதினாயிரமாகத் திருப்பித் தருவான்.
ஆனால் இந்தப் பக்கம் ஒன்று குறைந்தால்
அந்தப் பக்கம் ஆயிரமாயிரமாய்க் குறையும்.

பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீற்றர் வெறுமை.
அதைத் தாண்டத்தான் இவ்வளவு பாடும்.
சும்மா உறுமி நிற்கையில் பொறி தாண்டிவிடுகிறது.
நான் மிதித்தால்,
காற்றும் பெற்றோலும் நெருங்கி அடைத்துக்கொள்ள,
தாண்ட மாட்டாமல் நின்றுவிடுகிறது.
கார் விக்கியது.
சைலன்சர் இருமியது.
11.3

"மச்சான், பெற்றோல் முடிஞ்சிட்டா?"
"பெற்றோல் கிடக்கு. நெருப்புத்தான் இல்ல."

தாண்டியடிப் பக்கம், பனைக்குக் கீழே நிறுத்தினேன்.
போனை வாயில் கவ்விக்கொண்டு
நாலு பிளக்கையும் கழற்றினேன். விரல் வெந்தது.
ஸ்பானர் முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டி
அந்த வெறுமையை நகத்தின் தடிப்புக்குச் சுருக்கினேன்.
இல்லாத வீட்டில்
வாசற்படியைப் பதித்து வைக்கிற மாதிரி.
ஸ்டார்ட்டரைத் தொட நான் துணியவில்லை.
கல்யாணச் சட்டையோடு இம்தாத் தள்ளினான்,
வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு.
பிடித்தது.

பாட்டை நிறுத்தினேன். விசிறி. வைப்பர்.
ஒவ்வொன்று நிற்கவும் எஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.
மிச்சம் ஹெட்லைற்.
போட்டால் றோட்டுத் தெரியும், கார் போகாது.
நிறுத்தினால் கார் போகும்,
எங்கே என்று தெரியாது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
பிறகு பின்சீட்டில் பெட்டி திறக்கும் சத்தம்.
"டேய், என்ர லைற்றுக்குத் தனிப் பற்றரி."

மணப்பெண்ணின் முகத்துக்குப் பிடித்த வெளிச்சத்தை
கமராவோடு சேர்த்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்,
பொலித்தீன் பையைச் சுற்றி, இடுப்புவரை நனைந்து.
இருபதில் போனோம்.
வெள்ளைக்கோடு, கோடில்லாத இடம், ஒரு செருப்பு,
றோட்டை மறித்துப் படுத்த எருமைகள்.
அவை எழும்பும் வரைக்கும்
எஞ்சினை அணையவிடாமல்
குதிக்காலால் பிறேக்கும் பெருவிரலால் அக்சிலேற்றருமாக
நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வலப்பக்கம் கடல். அது கேட்டதே தவிரத் தெரியவில்லை.

திருக்கோவில் தெருவிளக்குகளில் அவன் கை மடக்கினான்.
அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
10.4 என்று காட்டி மீற்றரும் அணைந்தது, காரும் அணைந்தது.
மிச்சத் தூரம் தள்ளினோம்.

காலையில் ஒல்டனேற்றரைப் பிரித்தால்
இரண்டு கரித்துண்டு, தேய்ந்து,
அரிசிமணி அளவில்.
மாற்றியதும் 14.2
பிளக்குகளைப் பழைய இடைவெளிக்கே திறந்துவிட்டேன்.
தள்ளுகூலி, சட்டை சலவைக்கூலி என்று
இம்தாத் துண்டு எழுதித் தந்தான்.

இரண்டு கிழமை கழித்து
பொத்துவிலிலிருந்து அவனுக்கு ஜெசீலாவின் கோல்.
லைற்றைப் போடும்போது றெக்கோட்டும் விழுந்திருக்கிறது.
"எல்லாம் வடிவா வந்திருக்கு.
கடைசியில நாப்பது நிமிசம் மழை பெய்யுது,
ஆரோ தூசணத்தால ஏசுறார்.
அந்த எருமையள்
மாப்பிள்ளை பகுதியா, எங்கட பகுதியா?"