முதல் மடக்கு

"கீழக்கரை வீட்டை முடிச்சுருங்க காக்கா."
மலேசியாவிலிருந்து நெய்னா முகம்மது.
அவருக்கு வேண்டியது விலை,
அதுவும்
தங்கச்சி மாப்பிள்ளை காதுக்கு எட்டாமல்.

வாங்க வந்த ஜெபராணி டீச்சர்
வில்லங்கச் சான்றை
மடித்த மடிப்பிலேயே திருப்பித் தந்தார்.
சுவரைத் தட்டவில்லை. மாடிக்கும் போகவில்லை.
கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து
சொம்பை என்னிடம் நீட்டினார்:
"மொதல்ல நீங்க குடிங்க."

கடலுக்கு முந்நூறு அடி.
எனக்குத் தெரியும்,
மூன்று கோடையாகவே தெரியும்.
ஒப்பந்தத் தாளில்
தண்ணீருக்கென்று கட்டம் கிடையாது.

குடித்தேன்.
என் ரெண்டு சதவீதம்
நாக்கில் நின்றது, இறங்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடிக்கிறது.
மலேசியாதான்.

டீச்சர் இன்னும்
என் தொண்டையையே
பார்த்துக்கொண்டிருக்கிறார்.