சுவர்ப் பக்கம்

பகலில் துவாஸ் கப்பல் தளத்தில் எனக்கு வேலை
பற்றவைத்த மடிப்புகளில் பழுது தேடுவது.
கண்டால் மஞ்சள் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம்.
வட்டம் போடும்போது
பக்கத்தில் நிற்பவன் முகம் சுருங்கும்.
அதைப் பார்க்க எனக்குச் சம்பளமில்லை.

சனி இரவு
தெலுக் பிளாங்கா சமூக மன்றம், இரண்டாம் மாடி.
ஸும்பா வகுப்பு விட்டுப்போன வியர்வை வாடையில்
மேசைகளை இழுத்துப் போடுகிறோம், ஆறு பேர்.
துணிக் கூடைகளில் வந்திறங்குகின்றன ஆறு கப்பல்கள்.

முதல் வருடம்
என் பலகை அணியத்தில் வளைய மாட்டேன் என்றது.
ஐந்து மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம்.
முப்பதாயிரம் டன் இரும்போடு மல்லுக்கு நிற்பவள்
மூன்று இரவில் ஒன்பது முறித்தேன்.

சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம்.
"வெந்நீரில் இருபது நிமிடம்,"
பேருந்து ஓட்டும் ஸுல்கர்னாயின்.
"இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஊறித்தானே கிடக்கிறது?
நனைக்காதே. இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் சூடு காட்டு,"
ஹுவீ செங்.
பல் மருத்துவர் அருளொளி வாய் திறக்கவில்லை.
பழைய பல்சுரண்டிகள் நான்கைக்
கைக்குட்டையில் சுற்றி நீட்டினார்.
பிறகுதான் சொன்னார்:
"கொதிக்க வைத்தவை. யார் பல் என்று கேட்காதே."

எல்லாம் செய்தேன். பத்தாவதும் முறிந்தது.
பதினொன்று வளைந்தது.
எதனால் என்று இன்றுவரை தெரியாது.
மூவரும் தன்னால்தான் என்கிறார்கள்.

எந்தக் கப்பலுக்கும் ஒரு சுவர்ப் பக்கம் உண்டு.
பிசின் வழிந்தது, ஆணி தப்பியது,
தூக்கக் கலக்கத்தில் வெட்டியது
எல்லாம் அந்தப் பக்கம்.
அலமாரியில் அது சுவரைப் பார்த்தே உட்காரும்.
நாங்கள் மட்டும் திருப்பிக் காட்டிக்கொள்வோம்.

போன வாரம் புதிதாக நூர்ஹிதாயா,
குழந்தைகள் வார்டில் இரவுத் தாதி.
பாத்திக் துணி விலக்கினாள்.
எலும்புக்கூடு மட்டும் நின்றது, பலகை ஒன்றுகூட ஏறவில்லை.
"தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்தேன்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு.
நான்காம் வங்கு. ஒன்றரை பாகை சாய்வு.
விரல் தன்பாட்டில் சட்டைப் பையைத் துழாவியது,
அங்கே இல்லாத சாக்குக்கட்டிக்கு.

ஹுவீ செங் முந்திக்கொண்டாள்:
"எங்கே கை நின்றது?"
"நான்காவதில்," என்றாள் அவள் உடனே.
அவளுக்கே தெரிந்திருக்கிறது.
"நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர் வீட்டில் இருக்கா?
பஞ்சில் தொட்டுப் பசைமேல் வை.
சும்மா வை. ஒரு நாடகம் பார்த்துவிட்டு வா.
தானே விட்டுக்கொடுக்கும்."

நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
என் தொங்காங்கைத் திருப்பி வைத்தேன்.
கைபேசி வெளிச்சத்தில் குனிந்தாள்,
குழந்தையின் தொண்டைக்குள் பார்ப்பவளைப் போல.
வழிந்த பிசினைக் கண்டாள், குறுக்கே போன ஒட்டைக் கண்டாள்.
பிறகு,
"இங்கே ஒரு விரிசல், ஏராவுக்குப் பக்கத்தில்."

இரண்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறது அந்தக் கப்பல்.
அந்த விரிசலை நான் பார்த்ததே இல்லை.
"பிரமிளா, சுவரை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்து,"
ஸுல் சிரித்த சிரிப்பில்
காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு
மணி பத்து என்று மின்விசிறியை நிறுத்தினார்.

திங்கட்கிழமை, துவாஸ்.
நிலைத்தொட்டிக்குள் பழுதொன்று கண்டேன், வட்டம் போட்டேன்.
மிஸானூர் முகம் சுருங்கியது.
எங்கே கை நின்றது என்று கேட்டேன்,
எனக்கே கொஞ்சம் கூச்சமாக.
"குழாய்க்குப் பின்னால், மேடம்.
மணிக்கட்டு நுழையவில்லை."

வட்டத்தை அழிக்கவில்லை. வட்டம் வட்டம்தான்.
கையுறையைக் கழற்றிவிட்டு
என் கையை விட்டுப் பார்த்தேன்.

நுழையத்தான் இல்லை.