சன்னல் எண் ஏழு

வஃப்ராவில், தக்காளிப் பண்ணைகள் முடிகிற இடத்தில்
ஒரு பிரெஞ்சு மாளிகை எழும்புகிறது.
வரைவது நான்.
ஃபர்வானியா, இரண்டாம் மாடி,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்து மேசை.

அசல் வீட்டை நான் பார்த்ததில்லை.
முதலாளியின் மனைவி படிக்கப் போயிருந்தபோது
ஒரு குளிர்காலம் முழுக்க அதன் எதிரில் குடியிருந்தாராம்.
நூற்றுப் பதினாறு படம் அனுப்பினார்.
எல்லாவற்றிலும் ஈரம்.

ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டில்
உப்பு விற்றவன் ஒருவன் கட்டிய வீடு.
மருமகன் வந்து வட்டக் கோபுரம் சேர்த்தான், புறாக்களுக்கு.
பொந்தை எண்ணினால் நிலத்தை எண்ணிவிடலாம்,
அப்படியொரு பெருமை அந்தக் காலத்தில்.
இடச் சிறகு ஒருமுறை எரிந்தது.
திரும்பக் கட்டியதில் ஒரு முழம் குறைந்துபோனது.
அந்த முழத்தையும் குறைத்தே வரைந்தேன்.
மேலாளர் குரியாகோஸ் சிவப்பில் சுழித்தார்: அளவு தப்பு.
தப்புதான் சார்,
முந்நூறு வருஷத்துத் தப்பு.
அவர் சிரிக்கவில்லை.

பனி வழுக்கி விழுவதற்காகக் கூரையின் சரிவு
ஐம்பத்திரண்டு டிகிரி.
ஜூலையில் இங்கே வெயிலுக்கும் ஏறக்குறைய அதே எண்.
புகைபோக்கி நான்கு; நான்கிலும் குளிர்காற்றுக் குழாய்.
புறாக் கோபுரத்தில் ஜெனரேட்டர்.

கல் மட்டும் கப்பலில் வந்தது.
வெண்ணெய் நிறம், நகம் பட்டால் கீறல் விழும்.
அறுத்த முகத்தில் ஒரு சிப்பியைக் காட்டினான் கொளஞ்சி:
"அரியலூர் ஆலையில இத லாரி லாரியா அரைச்சுத் தள்ளினோம் சார்.
இங்க பஞ்சு வச்சுத் தூக்கச் சொல்றாங்க."

பிறகு அந்தச் சன்னல்.
மேற்குச் சுவரில், கூரைக்குக் கீழே, எண் ஏழு.
நிலை உண்டு, வளைவு உண்டு, மழைநீர் வடிய விளிம்பு உண்டு.
நடுவில் கண்ணாடி இல்லை, கல்.
படம் மங்கல் என்று நினைத்து நான் திறந்து வரைந்துவிட்டேன்.
மறுநாள் மேடத்திடமிருந்து மெயில்:
ஏழை மூடுங்கள்.

சன்னலுக்கு வரி போட்டார்களாம் அந்த நாட்டில்.
கதவுக்கும் சன்னலுக்கும் தலைக்கட்டுப் போல எண்ணி எண்ணி.
புருஷன் போன ஒருத்தி, கையில் காசில்லாமல்,
மேற்கு வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தாள்.
வரி ஒழிந்து நூறு வருஷம் ஆகப்போகிறது.
யாரும் கல்லை எடுக்கவில்லை.
அதுதான் அந்த வீட்டின் அழகு என்று எழுதியிருந்தார்.
இருக்கலாம்.

மூடினேன்.
பிறகுதான் தளப்படத்தை அடியில் விரித்துப் பார்த்தேன்.
ஏழுக்குப் பின்னால் எழுதியிருந்தது: பணிப்பெண் அறை.
இரண்டு மீட்டருக்கு இரண்டே கால்.
மற்ற மூன்றும் உட்சுவர்.

வருமான வரியே இல்லாத நாட்டில்
அந்தப் பழைய வரியின் பாக்கியை
இன்னும் விசாகூட அடிக்காத ஒருத்தி
வந்து கட்டப்போகிறாள்.

தொண்ணூற்று மூன்றாம் படத்தில்
வலச் சிறகுக் கூரையில் ஒரு வட்டச் சன்னல்.
மாட்டுக் கண் என்றுதான் அதற்கு அங்கே பெயர்.
ஒன்றைப் பிரதி எடுத்து
இடச் சிறகில், அந்த அறைக்கு நேர் மேலே, ஒட்டினேன்.
அறுபது சென்டிமீட்டர் விட்டம். திறக்கும்.
திருத்த அட்டவணையில் காரணம் கேட்கும் கட்டம்
வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தது.
சமச்சீர், என்று அடித்தேன்.

ஒரு முழக் குறையை இன்னும் மன்னிக்காத குரியாகோஸ்
அந்தச் சொல்லைப் பார்த்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.
மேடம் இன்னும் பார்க்கவில்லை.
பார்த்தால் நூற்றுப் பதினாறையும் முதலிலிருந்து புரட்டுவார்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று
கொளஞ்சி போனில் கேட்டான்.
அவள் எந்த ஊர், நெட்டையா குட்டையா, யாருக்குத் தெரியும்?
ஒன்றரை மீட்டர் போடு என்றேன்.
எட்டாவிட்டால் பெட்டிமேல் ஏறிக்கொள்வாள்.
பெட்டி கொண்டுவருவாள் எப்படியும்.