இருபத்தேழாம் தவளை

ஆறாம் நம்பர் மலையிலிருந்து இறங்கி
எங்கள் பீலிக்கு வருகிற ஓடையில்
இரவு ஏழு மணிக்கு வேலை தொடங்கும்.
தலையில் லைட். காலில் பூட்ஸ்.
அட்டைக்குச் சவர்க்காரம்.

ஒரு தவளைக்கு ஒரு சோடி கையுறை.
முதல் நாளே சொல்லிவிட்டார்
பேராதனையிலிருந்து வந்த ருவினி மிஸ்:
ஒன்றின் நோயை நம் கை
இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.
வயிற்றில் பத்துத் தடவல்,
தொடைக்கு ஐந்து, பாதத்துக்கு ஐந்து,
பஞ்சுக்குச்சியைக் குழாய்க்குள் முறித்துப் போட்டு
மூடியில் நம்பர்.
பிறகு நிறுவை.
இரண்டு கிராம். மூன்று கிராம்.
எட்டு வருசம் என் கொழுந்தை நிறுத்த தராசுக்கு
கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
இதுவோ
ஒரு கிள்ளுத் தளிரையும் மதிக்கிற தராசு.

அதே மலையில் பகலில்
என் தம்பி புவனசீலன் மருந்தடிக்கிறான்.
முதுகில் பதினாறு லீற்றர் டாங்கி,
வெறுங்கை.
விரலிடுக்கில் தோல் கழன்று
வெங்காயச் சருகு மாதிரித் தொங்கும்.
சோறு பிசைந்தால் எரிகிறதென்று
கரண்டியில் சாப்பிடுகிறான்.
தொரை மாதிரி இல்லையா என்று
அவனே சிரிக்கிறான்.

அவன் தோலை யாரும்
பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுக்கவில்லை.
கேட்டிருந்தால் மிஸ் சொல்லியிருப்பார்,
அது வேறு ஆராய்ச்சி என்று.
நான் கேட்கவில்லை.

ஆனி மாதம். மழை விடாத ஒரு வியாழன்.
மிஸ் கண்டிக்குப் போயிருந்தார்.
இருபத்தாறு தவளைகளோடு கரையேறினேன்.
பெட்டியில் குறைகிற கையுறையும்
பதிவேட்டில் கூடுகிற தவளையும்
ஒத்துப்போக வேண்டும்;
கணக்கப்பிள்ளை பேர் போடுவதைவிடக் கறாரான கணக்கு.
ஒரு சோடியை உருவி
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
பிறகு மழைத்துளி விழாமல் குனிந்து எழுதினேன்:

*இல. 27. ஆண். 2.4 கிராம்.*
*காயம் இல்லை.*
*ஏலச்செடி, இலையின் அடிப்பக்கம், தரையிலிருந்து ஒரு முழம்.*
*நேரம் 9.40.*
*குரல்: கேட்டது.*

எதையும் தொடாத குச்சியொன்றை
முறித்துக் குழாயில் போட்டேன்.
எல்லாம் சரி,
குரல் கேட்டது என்று ஏன் எழுதினேன்?

அரை மணியில கிழிஞ்சிருச்சு அக்கா, என்றான் தம்பி.
ஆனா அந்த அரை மணியும்
டொக்டர் மாதிரி இருந்தேன்.

ஐப்பசியில் முடிவு வந்தது.
டிஸ்பென்சரி மேசையில் கணினி திறந்து
மிஸ் காட்டினார்.
எங்கள் ஓடைக்கு நேரே புள்ளிகள்,
அம்மை போட்டது போல் சிவப்பு.
எல்லாத் தோலிலும் பூஞ்சை.
களைமருந்து குடித்த நீரில்
தோல் தன்னைக் காக்க மறந்துவிடுகிறதோ,
இன்னும் உறுதியில்லை, என்றார்.
உறுதியில்லை என்று சொல்லத் தெரிந்த ஆளை
அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் விரல்
ஒரேயொரு பச்சைப் புள்ளியில் நின்றது.
இதைப் பாருங்க சாந்தநாயகி.
இந்தத் தண்ணியிலயும்
நோய் தொடாத ஒன்னு இருக்கு.
இதுகிட்ட என்னவோ இருக்கு.
கண்டுபிடிக்கணும்.

வாயைத் திறந்தேன்.
வெளியே பீலியில்
யாரோ பிள்ளை குடம் கழுவுகிற சத்தம்.
மூடிக்கொண்டேன்.

இப்போது வாரத்தில் மூன்று இரவு
இருபத்தேழைத் தேடுகிறோம்.
மிஸ் முன்னால். நான் பின்னால்.
முழங்கால் தண்ணீரில் அவர் வழுக்கி விழுகிறார்,
எழுந்து, பதிவேட்டில் நான் எழுதிய
அந்த இலையைக் கேட்கிறார்.
காட்டுகிறேன்.
ஏலச்செடி ஒரு முழத்துக்குமேல் வளர்ந்துவிட்டது.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.
நேற்றும் இப்படித்தான் நினைத்தேன்.
புதுப் பெட்டி கையுறை வந்திருக்கிறது, நூறு சோடி,
தம்பி இன்னும் கரண்டியில்தான் சாப்பிடுகிறான்.

லைட்டை அணைங்க, என்கிறார் மிஸ்.
அணைக்கிறேன்.
இருட்டில் தண்ணீர் மட்டும் போகிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
நானும்தான் நிற்கிறேன்,
அது கத்துமா என்று.