உதிரி

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்:
உள்ளே ரப்பர் வழுக்கிவிட்டது.
தண்டு மட்டும் சுற்றுகிறது,
சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் மாதிரி
விசிறி.

வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால்.
பின்னால் பத்து மாவுங் ஜெட்டி தீப்பெட்டி அளவு.
முன்னால் பூலாவ் ரிமாவ்.
நடுவே நாங்கள் நான்கு பேர்.
சிவப்புத் துணி கட்டிய பானையைச் சேர்த்தால் ஐந்து.

பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.
"பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குதும்மா."
ராகுவுக்குப் படகு வேண்டாம்,
நேரத்துக்கு வந்துவிடுவார்.

நங்கூரம் போட்டேன். சேற்றில் வழுக்கி வழுக்கிப் பிடித்தது.
மணிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்புச் சுருள்கயிற்றைக் கழற்றி
மகளிடம் கொடுத்தேன்.
"இது உன் கையில இருக்கிற வரைக்கும் எஞ்சின் பத்தாது.
என் விரல் பத்தும் அங்கதான் இருக்கும்.
யார் கேட்டாலும் குடுக்காத."
காலையிலிருந்து ஒரு சொட்டு அழாத பெண்,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சினைத் தூக்கி நிறுத்தி
வயிற்றால் படகில், மார்பால் கடலில்.
இலைக்கும் தகட்டுக்கும் நடுவே மரக்கட்டை.
இந்த வாய்க்காலின் அடியில் எனக்கொரு இரும்புக்கடை உண்டு:
ஸ்பானர் மூன்று, நட்டு இரண்டு,
வாஷர் எண்ணவில்லை, ஒரு கைபேசி.
கல்லாவில் நண்டு உட்கார்ந்திருக்கும்.

"தம்பி, அந்தத் துண்ட விரிச்சுப் பிடி."
தனபாலன் தயங்கினான்.
மொட்டைத் தலையில் வெயில் வழிந்தது.
காரியத்துக்குக் கட்டிய வெள்ளைத் துண்டு.
பண்டாரம் முகம் சுளித்தார்,
பிறகு மறுமுனையை அவரே பிடித்தார்.

வளைந்த பின் விழுந்தது. நட்டு விழுந்தது.
விசிறியோடு ஒட்டி வந்த தடித்த வாஷர்,
எப்போதும் நான் மறக்கிற அது,
துண்டின் நடுவில் கிரீஸ் வட்டமாக விழுந்தது.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
சாக்கிலிருந்து மாற்று விசிறியை எடுத்தேன்.
பழசுதான். ஓர் இலையைப் பாறை கடித்திருக்கிறது.
புதுசு எண்ணூறு வெள்ளி;
யாரும் புதுசைச் சாக்கில் வைப்பதில்லை.
ஒருமுறை கைவிட்டதைத்தான்
ஆபத்துக்கு என்று பத்திரப்படுத்துகிறோம்.

"எல்லாத்துக்கும் ஒண்ணு ஸ்பேர் வச்சிருப்பீங்களாக்கா?"
"எனக்கு இல்ல. மத்ததுக்கு இருக்கு."
"அப்பா முப்பது வருஷம் ஸ்பேர் டயர் இல்லாம லாரி ஓட்டுனாரு.
ஈப்போ, தைப்பிங், அலோர் ஸ்டார்.
அந்த எடத்துல டுரியான் ஏத்துவாரு."
"ரெண்டு தடவ நடந்தே வந்தாரு," என்றாள் தங்கை.
"டுரியானத் தூக்கிக்கிட்டு."
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
படகு கொஞ்சம் ஆடியது.

புதுப் பின்னைச் செருகி
இரண்டு காலையும் விரித்து மடக்கியபோது
பத்து நாற்பது.
பண்டாரம் கடிகாரத்தைக் கழற்றி மடியில் செருகினார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வளவு தூரம் போகமுடியாது என்றேன்.
வேகம் கொடுத்தால் இந்த விசிறி பல்லாடும்.
நடை வேகத்தில் போய், நீர் பச்சையாகும் இடத்தில் நிறுத்தினேன்.
சாம்பல் இறங்கியது. பானை இறங்கியது.
செவ்வந்தி மாலை மட்டும்
படகைச் சுற்றிச் சுற்றி வந்தது.
அது விசிறியில் சிக்காத தூரம் போகும்வரை
எஞ்சினைத் தொடவில்லை.
துக்கத்துக்காகக் காத்தேன் என்று நினைத்திருப்பார்கள்.
அதற்காகவும்தான்.

ஜெட்டியில் மகள் சிவப்புக் கயிற்றைத் திருப்பித் தந்தாள்.
நடுவில் ஓட்டும்போது வாங்கினேன்,
நிறுத்தியதும் மறுபடி கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.
அண்ணன் சட்டைப்பையில் துழாவி
வளைந்த பழைய பின்னை எடுத்தான்.
"இது வேணுமாக்கா?"
"ஒருதரம் மடக்கினது மறுபடி நிக்காது தம்பி, உடைஞ்சிரும்."
கடலில் எறிவான் என்று நினைத்தேன்.
சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டான்.

ஆ லியோங் கடை வெள்ளி மதியம் திறந்திருந்தது.
பின் மூன்று கேட்டேன்.
நான்கு கொடுத்தான், எண்ணத் தெரியாமல்.